மாப்பிள்ளையின் தாளில் பதினொரு பிழைகள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே இருக்கும் இருவரில் நான் நலம். உங்கள் மாமியார் செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஆகவே அவர் நலமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீங்களும் மகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். ஏன் இருக்க மாட்டீர்கள்? உங்கள் வீட்டுக் கணினி ஓடுகிறதே.

கோபத்தில் எழுதுகிறேன். வேறு யாராவது இந்தக் காரியத்தைச் செய்திருந்தால் இந்த இடத்தில் ஒரு சொல் எழுதியிருப்பேன். நீங்கள் மாப்பிள்ளை என்பதால் இடத்தை மட்டும் விட்டிருக்கிறேன்: ……………… நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

போன மாதம் வந்தபோது எங்கள் கணினியைப் பார்த்து, “மாமா, இது ஊர்ந்துக்கிட்டுல்ல இருக்கு! இந்த சிஸ்டத்தைத் தூக்கிப் போட்டுட்டு இலவசமா ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுக்கலாம். உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதினது. யார் வேணும்னாலும் திறந்து பார்த்துத் திருத்தலாம்” என்றீர்கள். முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய ஒரு மனிதனிடம் ‘திருத்தலாம்’ என்று சொல்லலாமா? அங்கேதான் விழுந்தேன். ஒரு பென் டிரைவையும் கையால் எழுதிய ஒரு தாளையும் கொடுத்து, “மவுஸே வேணாம் மாமா. கறுப்புத் திரை வரும். இதுல இருக்கறதை அப்படியே அடிங்க. எது கேட்டாலும் ‘ஒய்’ அடிங்க. பத்து நிமிஷ வேலை” என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். எந்தத் தாளையும் படித்துப் பார்க்காமல் மேலே அனுப்புவது என் வழக்கமில்லை. படித்தேன். இருபத்திரண்டு வரியில் பதினொரு பிழை! ‘பாஸ்வேர்ட்’ என்பதில் இரண்டு எழுத்தைக் காணோம். ‘அன்மவுன்ட்’ என்பதில் முன்னால் வர வேண்டிய ‘என்’ இல்லவே இல்லை. இவ்வளவு பெரிய வேலையில் இருப்பவர் இப்படியா எழுதுவார் என்று எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. அதோடு, மேலே இரண்டு இடத்தில் ‘எஸ்டிஏ’, கீழே நாலு இடத்தில் ‘எஸ்டிபி’. ஒரு தாளில் ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதக் கூடாது என்பது அச்சகத்தில் சேர்ந்த அன்றே சொல்லித் தருவது. எது முதலில் வந்ததோ அதையே வைத்துக்கொள்வோம். நாலு ‘பி’யையும் சிவப்பு மையில் ‘ஏ’ ஆக்கிவிட்டு அடிக்க ஆரம்பித்தேன்.

‘இங்கே ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, தொடரலாமா’ என்று ஆங்கிலத்தில் கேட்டது. நீங்கள் சொன்னபடி ‘ஒய்’ அடித்தேன். கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஆயிற்று, போயிற்று என்று ஒரு வார்த்தை கிடையாது. பிறகு கடவுச்சொல் வைக்கும் வரி வந்தது. திருத்தியபடி அடித்தேன், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. சரியாக எழுதினால் இல்லையாம், தப்பாக எழுதினால் இருக்கிறதாம்! பல்லைக் கடித்துக்கொண்டு உங்கள் எழுத்திலேயே அடித்தேன். கடவுச்சொல்லைக் கேட்டது. அடிக்க அடிக்கத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை செத்துப்போய்விட்டது என்று நினைத்து அதைக் கவிழ்த்து நாலு தட்டுத் தட்டினேன். அந்தத் தட்டலையும் சேர்த்துக் கடவுச்சொல்லாக எடுத்துக்கொண்டு, அதே மாதிரி இன்னொரு தடவை அடிக்கச் சொன்னது. எப்படித் தட்டினேன் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அப்போதுதான் உங்களைக் கூப்பிட்டேன். என்ன பேசினீர்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கட்டும்.

“எங்க இருக்கீங்க மாமா?”

“நாற்காலியில.”

“அது இல்ல, எந்த வரியில?”

“பதினெட்டு.”

“அட, முடிஞ்ச மாதிரிதான். பி-யிலதானே போட்டீங்க?”

“ஏ-யில. நீங்க தப்பா எழுதியிருந்தீங்க. திருத்திட்டேன்.”

“மாமா, தாளுக்குப் பின்பக்கம் பார்த்தீங்களா?” என்றீர்கள்.

திருப்பினேன். ‘ஏ, பி இரண்டும் தனித்தனி டிஸ்க். ஏ-யைத் தொடவே கூடாது. அத்தையின் புத்தகம் அதில்தான் இருக்கிறது.’ ஐயா, அச்சகத்தில் திருத்தத்துக்கு வரும் தாளில் ஒரு பக்கம்தான் எழுத்து இருக்கும். மறுபக்கத்தை யார் பார்ப்பார்கள்?

முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக நின்ற கதையை, இரண்டு வருடம் இடுப்பு வலியோடு உட்கார்ந்து, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் அடித்து வைத்திருந்தார் உங்கள் மாமியார். நான் மூன்று சுற்றுத் திருத்தியிருந்தேன். மாத முடிவுக்குள் அச்சுக்குப் போக வேண்டியது. ஈரத் துணியோடு வந்து நின்று, “என்ன போச்சு?” என்றார். புத்தகம் அழிந்துபோனதைச் சொன்னேன். தாளை வாங்கி, சிவப்பு மையைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை சரியாத்தான் எழுதிக் குடுத்திருக்காரு. இதையும் விட்டு வைக்கலையா நீங்க?”

அதுதான் கடைசியாகப் பேசியது. தாளை எழுதியவர் நீங்கள், ‘ஒய்’ அடிக்கச் சொன்னவர் நீங்கள், முக்கியமானதைப் பின்பக்கத்தில் ஒளித்தவர் நீங்கள். பழி என் தலையில்! இனி அந்தப் பெட்டியை நான் தொடப்போவதில்லை. சனிக்கிழமை பழைய சாமான் எடுப்பவர் வருவார், கொடுத்துவிடுவேன். அடுத்த முறை வரும்போது நல்ல பழமாகப் பார்த்து வாங்கி வாருங்கள். பென் டிரைவ் வேண்டாம்.

மகளும் நீங்களும் ஒரு குறையும் இல்லாமல், எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, நீடூழி வாழ வேண்டும்.

கோபத்தோடும் ஆசியோடும்,
மாமனார்.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலை உங்கள் மாமியார் அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்து, என் திருத்தம் ஒன்றையும் மதிக்காமல், நீங்கள் எழுதியதை எழுதியபடியே அடித்தார். முக்கால் மணி நேரம். ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது. உடனே மின்னஞ்சலைத் திறந்தார். நான் திருத்தக் கை வைப்பதற்கு முன்பே மகளுக்குப் புத்தகத்தின் ஒரு பிரதி அனுப்பியிருந்தாராம். அவள் அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். மதியம் வரை படித்துவிட்டு, நாலு நாளுக்குப் பிறகு என்னிடம் வாய் திறந்தார்: “இதுலதான் நான் பேசற மாதிரியே இருக்கு. இதையே அச்சுக்குக் குடுத்துடறேன்.” பழைய சாமான் எடுப்பவரை ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன். பிறகு நானும் அதை முழுவதும் படித்தேன். எழுபத்து நாலு பிழைகள். ஒன்றைக்கூடத் தொடவில்லை. பேச்சுவாக்கில் இதை உங்கள் மாமியாரிடம் சொல்லி வையுங்கள். நானே சொன்னால் நன்றாக இருக்காது.