அவிழ்க்க அதிகாரமில்லாத மூட்டை

பூலாங்காடு வனச்சரகம்,
பொள்ளாச்சி வழி,
12.8.1996

மரியாதைக்குரிய மச்சான் திருமூர்த்தி அவர்களுக்கு, தங்கள் தங்கையின் வீட்டுக்காரன் ஆறுச்சாமி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மயிலாத்தாளும் சுகம். அங்கே தங்களுக்கும் அக்காவுக்கும் உடம்பு சவுகரியமாக இருக்கும் என்று நம்புகிறோம். மெட்ராஸில் தண்ணீர் லாரி இப்போது ஒழுங்காக வருகிறது என்று எழுதியிருந்தீர்கள், படித்துச் சந்தோஷப்பட்டோம். மயிலாத்தாள் தங்களுக்கு இளநீர்க் காயாகப் பார்த்து ஒரு மூட்டை அனுப்பச் சொன்னாள். மூட்டை என்ற சொல்லைக் கேட்டாலே நான் இப்போது பத்தடி தள்ளி நிற்பதால் அதை அனுப்பவில்லை. பதிலாக நான்கு பக்கத்தில் ஒரு மனு இணைத்திருக்கிறேன். காரணம் கீழே.

தாங்கள் சட்டத்துறையில் செக்‌ஷன் ஆபீசர். ஆகையால் வன அலுவலர்களின் அதிகாரத்தை ஒழுங்குபடுத்தும் புதிய சட்ட வரைவு தங்கள் மேசையைத் தாண்டித்தான் போகும். அது இன்னும் சட்டமாகவில்லை. ஆனாலும் நடத்திப் பார்க்கலாம் என்று எங்கள் சரகத்துக்கு மட்டும் ஜூலை ஒன்றாம் தேதி ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டது. இனி நாங்கள் யாருடைய பையையும், வண்டியையும், வீட்டையும் சோதிப்பதாக இருந்தால் சப்-இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்க வேண்டும், வி.ஏ.ஓ. நிற்க வேண்டும், ஊர்ப் பெரியவர்கள் இருவர் நிற்க வேண்டும். எல்லோரும் நின்ற பிறகுதான் முடிச்சில் கை வைக்கலாம். எங்கள் ஆட்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று நான் சொல்லமாட்டேன் மச்சான். விறகு பொறுக்கப் போன பெண்களின் அரிவாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அலைய விட்டவர்கள் எங்களில் உண்டு. அவர்களுக்குக் கடிவாளம் போடட்டும், நானே பிடித்துக் கொடுக்கிறேன். ஆனால் போட்ட கடிவாளத்தில் மூச்சு நின்றது ஒரு உடும்புக்கு.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பொள்ளாச்சிச் சந்தை நாள். மலையிலிருந்து இறங்கும் காலை பஸ் எங்கள் சோதனைச் சாவடியில் நின்றதும் வாட்சர் காளிச்சாமி ஏறினார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், என்னைவிட மூத்தவர், காட்டில் எது எங்கே படுக்கும் என்று வாசனையிலேயே சொல்லக்கூடியவர். கடைசி சீட்டுக்குக் கீழே ஒரு சாக்கு மூட்டை நெளிவதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மூட்டைக்காரன் பெயர் மாசாணம், தலையில் உருமால், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "என்னப்பா இது?" என்றேன். "கொப்பரைங்க" என்றான். "கொப்பரை நெளியுதே?" "பஸ்ஸு ஆடுதில்லீங்க, அதுல நெளியுதுங்க." பஸ் நின்று பத்து நிமிஷம் ஆகியிருந்தது. பழைய காலமாக இருந்தால் அரை நிமிஷ வேலை. நான் சுற்றறிக்கையை எடுத்துப் பிரித்தேன். கண்டக்டர், "ஏனுங்க, படிச்சு முடிக்கறதுக்குள்ள சந்தை கலைஞ்சுருமுங்க" என்று மாசாணத்தையும் மூட்டையையும் இறக்கிவிட்டுப் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காளிச்சாமி சைக்கிளை மிதித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். சப்-இன்ஸ்பெக்டர் சந்தை பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனால் அவர் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு லீவு போட்டுப் போயிருக்கிறார். குதிரை வாங்கவா என்றால் இல்லையாம், வருஷா வருஷம் சும்மா பார்த்துவிட்டு வருவாராம். பெரியவர்களாவது கிடைப்பார்கள் என்று சாவடிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பூவாத்தாளிடம் கேட்டேன். "நான் நிக்கறனுங்க, எனக்கு அறுவது வயசாச்சு, இதுக்கு மேல எப்படிப் பெரியவளாவறது?" என்றார். சரி, ஒருவர் ஆயிற்று. இன்னொருவருக்காக மூன்று தோட்டத்துக்கு ஆள் விட்டேன். கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று மூன்று தோட்டத்திலும் பெரியவர்கள் ஊரில் இல்லை. ஒருவர் ஊரில் இல்லை என்பதை அவரே வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனாராம்.

வெயில் ஏறியது. மூட்டையை வேப்பமர நிழலுக்கு இழுத்துப்போட்டுக் காளிச்சாமி அதன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். பூவாத்தாள் கடையில் பரோட்டா தின்றுகொண்டிருந்த மாசாணம் எழுந்து வந்து, "கொப்பரைக்கு எதுக்குங்க தண்ணி, பூஞ்சை புடிச்சுப் போவுமில்லீங்க" என்று நியாயம் கேட்டான். "உன்ற கொப்பரை மூச்சு வாங்குதப்பா" என்றார் காளிச்சாமி. இரண்டு மணிக்கு மாசாணத்துக்கே பொறுமை போய்விட்டது. "ஏனுங்க ரேஞ்சர் ஐயா, நானே அவுத்துக் காட்டிப்போடறனுங்க. உள்ளுக்குள்ள என்ன இருந்தாலும் ஒத்துக்கறனுங்க. பொழுதோட ஊடு போவோணும்." எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் மூட்டைக்காரனே அவிழ்த்தால் அது சோதனையா, நன்கொடையா என்று சுற்றறிக்கையில் இல்லை. டிவிஷன் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன். எழுத்து மூலம் கேட்கச் சொன்னார்கள்.

நாலு மணிக்கு ஜீப்பில் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். சந்தையில் ஒரு காளை அவர் காலை மிதித்திருந்ததால் நொண்டிக்கொண்டு இறங்கினார். "வி.ஏ.ஓ. எங்கே?" என்றார். அந்தியூர் என்றேன். "அப்போ நான் எதுக்கு வந்தேன்?" என்றார். நாங்கள் இருவரும் சுற்றறிக்கையை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு, 'மற்றும்' என்ற சொல்லுக்கு 'அல்லது' என்று பொருள் கொள்ளலாமா என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். அப்போது காளிச்சாமி மூட்டையின் மேல் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. "ஒண்ணு அசையறத நிறுத்திப் போட்டுதுங்க. நீங்க காயிதத்தப் பாருங்க, நான் இதப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்துவிட்டார்.

உள்ளே இரண்டு உடும்பு. ஒன்று செத்திருந்தது. மற்றொன்று சாகவில்லை. ஏழு மணி நேரம் அடைபட்டிருந்த கோபமெல்லாம் சேர்ந்து அது நேரே சப்-இன்ஸ்பெக்டரை நோக்கி ஓடியது. காளை மிதித்த காலோடு அவர் பூவாத்தாள் கடை பெஞ்சின் மேல் ஏறிய வேகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். உடும்பு ஜீப்புக்குள் புகுந்து, சீட்டுக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கம் இறங்கிக் காட்டுக்குள் போய்விட்டது. காளிச்சாமி அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியை எந்தக் கோப்பில் எழுதுவது?

அடுத்து நடந்ததுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது. பெஞ்சிலிருந்து இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர், "செத்தத நான் பாத்தேன், எப்பச் செத்துதுன்னு பாக்கலை. அவுத்ததுக்கு அப்புறம் செத்துதோ என்னமோ" என்றார். அதுவரை கைகட்டி நின்ற மாசாணத்துக்கு அப்போதுதான் சட்டம் விளங்கியது. "என்ற மூட்டைய அதிகாரமில்லாம அவுத்துப் போட்டாங்க, புகார் எழுதோணுங்க" என்றான். அவனுக்கு எழுதத் தெரியாது. சப்-இன்ஸ்பெக்டருக்கு உட்கார முடியவில்லை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடமே காகிதத்தை நீட்டினார்கள். எங்கள் மேல் மாசாணம் கொடுத்த புகாரை என் பேனாவால், என் மேசையில், என் கையாலேயே எழுதினேன் மச்சான். கடைசியில் வெறும் சாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் அவன் போனான்.

வெள்ளிக்கிழமை காளிச்சாமிக்கு சஸ்பென்ஷன் ஆர்டர் வந்தது. அதிகாரமின்றி மூட்டையை அவிழ்த்ததும், சாட்சியத்தைத் தப்பவிட்டதும் குற்றம். ஆர்டரை நான்தான் அவர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அந்தத் தப்பிச்ச உடும்புக்குப் பின்னங்கால் கொஞ்சம் வீங்கியிருந்துச்சுங்க, யாரையாவது உட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றார். அவர் மனைவி பொற்கொடி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "தப்புப் பண்ணிப் போட்டாருங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் இல்லை என்றேன். "அப்புறம் எதுக்குங்க?" என்றார். சுற்றறிக்கையில் அதற்கும் பதில் இல்லை.

ஆகவே நேற்று ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் வன அலுவலர்கள் நாற்பது பேர் கூடி இந்தச் சட்டத்தை எதிர்ப்பது என்று முடிவு செய்தோம். 'எதிர்க்கிறோம்' என்று எழுதினால் அரசு ஊழியர் நடத்தை விதி இடிக்கும் என்றார் ஒருவர். 'பணிவுடன் எதிர்க்கிறோம்' என்று மாற்றினோம். அதுவும் சூடு என்றார்கள். கீழே டவுன் பஸ்கள் ஹாரன் அடித்த அடியில் பாதிப் பேருக்குப் பாதி விவாதம் காதில் விழவில்லை. மூன்று மணி நேரம் கழித்து, 'எதிர்க்க அனுமதி கோருகிறோம்' என்று தீர்மானம் நிறைவேறியது. நாற்பது கையெழுத்து. நாற்பத்தொன்றாவதாகக் காளிச்சாமியின் கையெழுத்து. சஸ்பென்ஷனில் உள்ளவர் போடலாமா என்று கேட்டவரை நான் வாயை மூடச் சொன்னேன்.

மச்சான், இதுவரை தங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இந்த மனுவைத் தாங்களே கொண்டுபோய் மேலே உள்ளவர் கையில் கொடுக்க வேண்டும். ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். உயிருள்ள ஒன்று மூட்டைக்குள் இருக்கும்போது முடிச்சை அவிழ்க்க யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்கக் கூடாது என்ற ஒரு வரி அந்தச் சட்டத்தில் ஏறினால் போதும். தங்கள் குடும்பம் ஆல்போல் தழைக்க மாசாணியம்மனை வேண்டிக்கொண்டு, அக்காவுக்கு எங்கள் நமஸ்காரத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
ஆறுச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் காளிச்சாமி இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இஸ்மத் ஓடி வந்தார். வயது இருபத்து மூன்று, சுறுசுறுப்பு கொஞ்சம் அதிகம். வரும் வழியில் ஒரு பூட்டிய வீட்டு ஜன்னல் வழியாக, சுவரில் இரண்டு ஜோடி மான்கொம்பும் அதில் ஒரு குடை தொங்குவதும் பார்த்தாராம். "விசாரிச்சனுங்க. மெட்ராஸ்ல பெரிய வேலைல இருக்கற திருமூர்த்திங்கறவரு ஊடாம். பூட்டத் தொறந்து எடுத்துப்போட்டு வரட்டுங்களா?" என்றார். பதினாறு வருஷத்துக்கு முன் என் கல்யாணத்தன்று நான் சட்டையை மாட்டியதும் அந்தக் கொம்பில்தான். என்னை அறியாமல் என் வாய், "எஸ்.ஐ. எங்கே? வி.ஏ.ஓ. எங்கே? பெரியவங்க ரெண்டு பேர் எங்கே?" என்று கேட்டுவிட்டது. சுற்றறிக்கையை அவருக்கு முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்துக் காட்டினேன். எல்லோரையும் கூட்டிவரப் போயிருக்கிறார். இந்தப் பிள்ளையின் வேகத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் கூட்டிவிடுவார். ஆகையால் கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து ஆக வேண்டியதைப் பாருங்கள். மனுவை அதுவரை யாரிடமும் கொடுக்க வேண்டாம். எப்போது போய்ச் சேரும் என்று காளிச்சாமி தினமும் வந்து கேட்பார். தபாலில் தாமதம் என்று சொல்லிக்கொள்கிறேன்.