ஆனா அண்ணனும் பொம்மை வேலியும்

வரவேற்பு மேசையில் ஒரு திருநங்கை உட்கார்ந்தால் திருப்பூரின் ஏற்றுமதியே படுத்துவிடும் என்று நான் மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள். 'ஆனா' அண்ணன் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் நீங்களும் இருந்திருந்தால் நம்பியிருப்பீர்கள்.

எதையும் நாலு வரியில் நாசமாக்கத் தெரிந்தவர் அவர், எங்கள் பனியன் கம்பெனி ஸ்டோர் கீப்பர். "நான் யாருக்கும் எதிரி இல்லீங்க, ஆனா..." என்றுதான் ஆரம்பிப்பார். அதனால்தான் அந்தப் பெயர். ஒருமுறை கேன்டீன் டீயில் சர்க்கரை குறைந்தது. "இன்னிக்குச் சக்கரை, நாளைக்குப் பாலு. அப்பறம் வெந்நீர் குடிச்சுட்டா மெஷின் ஓட்டுவீங்க?" என்று எழுதினார். மறுநாள் பாதிப்பேர் பிளாஸ்க்கோடு வந்தார்கள்.

அந்தத் திருநங்கை, யாழினி, முன்னாபீஸ் வரவேற்பு மேசையில் சேர்ந்த அன்று குரூப் பற்றிக்கொண்டது. அண்ணன் எழுதினார்: "சும்மா கேக்கறனுங்க, வெளிநாட்டுல இருந்து துணி வாங்க வர்ற பையர் பாத்தா என்ன நெனைப்பாங்க? ஆர்டர் போனா உங்க புள்ளைக ஃபீஸு யாரு கட்டுவா?" கூடவே திருநங்கைகள் யாரோ சண்டை போடும் ஒரு வீடியோ. எந்த ஊர், யார், ஒன்றும் தெரியவில்லை. ஒருவன் விசாரித்தான். "அப்ப உனக்குப் புள்ளைக மேல அக்கறை இல்லியா?" என்று பதில் வந்ததும் அடங்கிவிட்டான். அண்ணனின் பதிலுக்கு நான் கட்டைவிரல் போட்டேன்.

முதலாளியும் ஆடிவிட்டார். "பையர் வரட்டும். ஒரு சொல்லு கொறை வந்தாலும் அந்த அம்மணிய ஊட்டுக்கு அனுப்பிரலாம்."

பையர் வரும் காலையில் என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடைசியில் அண்ணனும் நானும் சாம்பிள் ரூமில் துணி மாட்டும் பொம்மைகளைத் தூக்கிவந்து, யாழினி தெரியாதபடி மேசை முன்னால் வேலி கட்டினோம்.

"ஏனுங்ணா, இதெல்லாம் திருஷ்டிக்கா?" என்றது வேலிக்குப் பின்னாலிருந்து குரல்.

"டிஸ்ப்ளே, அம்மணி!" என்றார் அண்ணன்.

வந்த பையர் நேராகப் பொம்மைகளிடம் போனார். அப்போதுதான் கவனித்தேன். அவை போட்டிருந்தது, சாயம் போகிறதென்று போன சீசனில் அவரே ரிஜெக்ட் செய்த டீஷர்ட். இதையா மறுபடி அனுப்பப் போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். முதலாளியின் முகம் அந்த டீஷர்ட்டை விட வேகமாக வெளுத்தது.

ஒரு பொம்மையை நகர்த்திக்கொண்டு யாழினி வெளியே வந்தார். அது கழித்துப்போட்ட பீஸ், புதிய சாம்பிள் உள்ளே தயாராக இருக்கிறது என்று ஆங்கிலத்திலேயே சொல்லி அழைத்துப் போனார். சாயங்காலம் ஆர்டர் உறுதியானது. பையர் சொன்ன ஒரே குறை, வழியை அடைத்துக்கொண்டு நின்ற பொம்மைகளைப் பற்றித்தான்.

நாங்கள் பொம்மைகளைத் திரும்பத் தூக்கும்போது யாழினி வழிமறித்தார். சிரிக்கவில்லை.

"ஏனுங்ணா, என்னையப் பத்திக் குரூப்புல நெறையக் கேட்டீங்களாமா. எங்கிட்டயே கேளுங்களேன்."

அண்ணன் கையில் ஒரு பொம்மையின் கை தனியாக வந்துவிட்டது. அதைப் பிடித்தபடி நின்றார்.

"நான் யாருக்கும் எதிரி இல்லீங்க, ஆனா..."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"...ஆனா, காலைல இருந்து நீ ஒண்ணுமே சாப்புடலியே, கண்ணு?"

"இது நல்ல கேள்வி. இத மொதல்லயே கேட்டிருக்கலாமுங்ணா" என்றார் யாழினி.

யாழினி இன்றும் அதே மேசையில்தான் இருக்கிறார். நேற்று அண்ணன் லீவு. டீயில் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. குறை சொல்ல அண்ணன் இல்லாமல் எனக்கு இறங்கவே இல்லை.