ஒரு கீறல்கூட விழாத ஆயில் சீல்

பணக்காரர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்ததில்லை. அழகான ஆண்களைப் பார்த்தும் வந்ததில்லை (கண்ணாடி பார்ப்பதைக் கல்யாணத்துக்கு முன்பே குறைத்துக்கொண்டவன் நான்). அறிவாளிகளைக் கண்டால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒரு மனிதனுக்கு உள்ள மொத்தப் பொறாமையையும் ஒரே ஆள்மேல் இறக்கி வைக்கட்டும் என்றுதான் கடவுள் சகலை என்கிற உறவைப் படைத்திருக்கிறார்.

என் சகலையின் பெயர் சாலமன். என் மனைவி கிரேஸின் தங்கை ரூபியைக் கட்டியவர். அவர் வருவதற்கு முன்னால், கிழக்குத் தாம்பரத்தில் இருந்த மாமனார் வீட்டில் நான் ஒருத்தன்தான் மாப்பிள்ளை. ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி எனக்கு. ஞாயிற்றுக்கிழமை பேப்பர் முதலில் எனக்கு. பீர்க்கன்கரணை ஏரியிலிருந்து விரால் வந்தால், குழம்பில் அதன் தலை எனக்கு. ராஜா மாதிரி இருந்தேன் ஐயா!

சாலமன் ஒரு இன்ஜினியராக இருந்திருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அவரும் என்னைப்போலவே பாரிமுனையில் ஃபைல் புரட்டுகிற குமாஸ்தாதான். இரண்டு பேரும் ஒரே ரயிலில்தான் போவோம். ஆனால் அவர் கைவைத்த சாமான் எல்லாம் ஓடியது. கரகரத்த ரேடியோ பாடியது, மக்கர் செய்த தையல் மிஷின் தைத்தது, கிணற்றடிப் பம்பு தண்ணீர் கொட்டியது. பம்பு ஓடிய அன்று விரால் தலை அவர் தட்டில் விழுந்தது.

“காலையிலேருந்து உயிரைக் குடுத்து வேலை செஞ்சிருக்காரு, பாவம்” என்றார் அத்தை.

நானும் காலையிலிருந்து அவர் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்துக் களைத்துத்தான் போயிருந்தேன். எனக்கு வால் வந்தது.

இந்த நிலைமையில்தான் மோட்டார் சைக்கிள் விவகாரம் கிளம்பியது. ரயில்வேயிலிருந்து ரிடையரான என் மாமனாரிடம் கறுப்பு நிறத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு, ‘கிடைக்கும், கிடைக்கும்’ என்று வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கண்ணில் புரை விழுந்ததால் இனிமேல் தான் ஓட்டப்போவதில்லை என்றும், கிறிஸ்துமஸுக்குள் வண்டியை மாப்பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாகவும் மாமா அறிவித்தார்.

“யாரு நல்லா வெச்சிப்பாங்கன்னு பாத்துத்தான் குடுப்பேன்” என்றார். சொல்லும்போது அவர் பார்வை சாலமன் பக்கம் போனது. (புரை விழுந்த கண்தான். இருந்தாலும் சரியாக அங்கே போனது.)

வண்டியில் ஒரே ஒரு குறை. நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டும். புதிதாகப் பூசிய சிமெண்டுத் தரை பாழாகிறதே என்று அத்தை அடியில் ஒரு பழைய தட்டை வைத்திருந்தார். இன்ஜினிலிருந்து ஷாஃப்ட் வெளியே வந்து செயினைச் சுற்றுகிற இடத்தில், எண்ணெய் கசியாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதுதான் ஆயில் சீல். அது தேய்ந்துவிட்டது.

சாலமன் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். “இதெல்லாம் ஒரு வேலையா மாமா? நானே மாத்திடறேன்.”

கிரேஸ் என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவதே அவள்தான்.

திங்கட்கிழமை ரயிலில் சாலமன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அண்ணா, பழைய சீலைப் பத்தி மட்டும் கவலையே படாதீங்க. குத்துங்க, கிழிங்க, நசுக்குங்க. எப்படியும் தூக்கிப் போடறதுதானே? அதோட முகத்துல சின்னதா ஓட்டை போட்டு, ஒரு ஸ்க்ரூவை முறுக்கி, பிளையரால நேரா இழுத்தா வந்துடும். ஆனா ஷாஃப்ட் மேல எதுவும் உரசக் கூடாது. சீல் உக்கார்ற குழியோட விளிம்பும் பத்திரம். அலுமினியம், பொசுக்குனு போயிடும்.”

தலையை ஆட்டினேன். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. கிழிக்கவா சொல்கிறாய்? கிழிந்த சீலோடு நான் நிற்பேன், மாமா பார்ப்பார், ‘முரட்டுக் கை’ என்பார், வண்டி உனக்கு வரும். அடப்பாவி, என்ன சாமர்த்தியம்! குரோம்பேட்டை ஸ்டேஷன் வருவதற்குள் முடிவெடுத்துவிட்டேன். சீலின்மேல் ஒரு கீறல்கூட விழாமல் முழுசாக எடுத்துக் காட்டுவேன்.

சனிக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். மூடியைக் கழற்றி, செயினை இறக்கி, பல்சக்கரத்தை எடுத்ததுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. உள்ளே சீல் தெரிந்தது. அதன் நடுவில் ஷாஃப்ட் எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளத்தது. திருப்புளியைச் செருகி நெம்ப வேண்டும். ரப்பர் நசுங்கிவிடுமே! என் கைக்குட்டையை மடித்துச் சீலுக்கு மெத்தை போட்டேன். ஷாஃப்டுக்கு? அது இரும்புதானே, அதற்கு என்ன கேடு? திருப்புளியை அதன்மேல் நன்றாக ஊன்றி நெம்பினேன். ‘கிர்ர்ர்’ என்றது. சீல் அசையவில்லை. குழியின் வெளி விளிம்பில் ஊன்றி, சுத்தியலால் ஒரு போடு போட்டேன். ‘டக்’ என்று ஏதோ தெறித்து ரோஜாத் தொட்டியில் போய் விழுந்தது.

உள்ளேயிருந்து கிரேஸின் குரல் வந்தது. “என்னங்க, ஏதோ ஒடஞ்ச சத்தம் கேட்டுச்சே?”

“சீலுக்கு ஒண்ணும் ஆகலை!” என்று கத்தினேன்.

உண்மையிலேயே ஆகவில்லை. அரை மணி நேரம் தாஜா செய்து, தடவிக் கொடுத்து, அதை முழுசாக வெளியே எடுத்தேன். துடைத்து, காப்பி சாசரில் வைத்து, மாமாவிடம் கொண்டுபோனேன்.

“பாருங்க மாமா. ஒரு கீறல் இல்ல.”

மாமா அதை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார். “அட, புதுசு மாதிரியே இருக்கே மாப்ளே! உங்களுக்கு இவ்வளவு நேக்கு இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல.”

அன்று மதியம் விரால் தலை என் தட்டுக்குத் திரும்பி வந்தது. சாலமனைப் பார்த்துக்கொண்டே அதன் கண்ணைக்கூட விடாமல் சாப்பிட்டேன். அவரோ பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு, வண்டியின் பக்கத்தில் போய்க் குந்தினார். ஷாஃப்டை நகத்தால் வருடினார். நகம் ஓரிடத்தில் மாட்டி நின்றது.

“அண்ணா, ஷாஃப்ட்ல ஆழமா கோடு விழுந்திருக்கு. விளிம்புலயும் ஒரு துண்டு காணோம். புது சீல் போட்டாலும் நிக்காது. நான் வேணா கொஞ்சம்...”

“வேணாம் தம்பி. நானே போட்டுக்கறேன்.”

ஆகா, இவனுக்கும் வயிறு எரிகிறது என்று எனக்கு ஏகப்பட்ட குஷி. புது சீலை அமுக்கி, எல்லாவற்றையும் பூட்டினேன்.

மறுநாள் காலை மாமாவைச் சர்ச்சுக்கு நானே வண்டியில் கூட்டிப்போனேன். வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டையில் அவர் என் பின்னால் உட்கார்ந்திருந்தார். ‘இனி வண்டி உங்களுக்குத்தான்’ என்று அவர் காதோரம் சொல்லப்போகும் கணத்துக்காகக் காத்துக்கொண்டே ஓட்டினேன். அவர் சொன்னது வேறு.

“மாப்ளே, காலு ஈரமா இருக்கே?”

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நிறுத்தினேன். கீழே கறுப்பாக ஒரு சின்ன ஏரி பரவ ஆரம்பித்தது. இத்தனை நாள் சொட்டிய வண்டி, இப்போது கொட்டியது.

பக்கத்தில் நின்ற ரிக்‌ஷாக்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னா சார், உன் வண்டி ஒண்ணுக்குப் போய்கினு கீது? ஓரமா தள்ளு சார், என் சக்கரம் வழுக்குது, பேஜாரு!”

கேட்டில் நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பியது. மாமா இறங்கினார். ஒரு கால் வெள்ளை, ஒரு கால் முழங்காலுக்குக் கீழே தார்ச்சட்டி. அந்த நேரம் பார்த்தா சாலமன் சைக்கிளில் வர வேண்டும்? ரூபியைப் பின்னால் வைத்துக்கொண்டு, சலவை மடிப்புக் கலையாமல் வந்து நின்றார். கைக்குட்டையை எடுத்து மாமாவிடம் கொடுத்தார். கொடுக்க என்னிடம் கைக்குட்டைகூட இல்லை. அதுதான் சீலுக்கு மெத்தையாகப் போய்விட்டதே!

அன்றைக்குப் பிரசங்கம் பொறாமையைப் பற்றி. பாஸ்டர் பொதுவாகத்தான் பேசினார். கிரேஸ்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாலமன் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஷாஃப்டை மாற்றி, விளிம்பை ஒட்டவைத்து வாங்கி வந்தார். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தார். எனக்கும் வண்ணக் காகிதத்தில் சுற்றி ஒரு சின்னப் பெட்டி தந்தார். ஆசையாகப் பிரித்தேன். உள்ளே அந்தப் பழைய சீல் இருந்தது.

“அவ்வளவு பத்திரமா எடுத்தீங்களே மாப்ளே, நீங்களே வெச்சிக்குங்க.”

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எதற்கும் ஒரே கேள்விதான். நான் குடையோடு சாக்கடையில் விழுந்தபோது, “குடைக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றாள் கிரேஸ். சைக்கிளோடு மாட்டின்மேல் மோதியபோது, அத்தை மாட்டைத்தான் முதலில் விசாரித்தார்.

போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். டாக்டர் நெம்பிய நெம்பில் ஈறு கிழிந்து, கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. சாலமனும் ரூபியும் பார்க்க வந்தார்கள். அந்த மனுஷர் வீங்கிய கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மிகுந்த கவலையோடு கேட்டார்.

“அண்ணா, பல்லுக்கு ஒண்ணும் ஆகலையே?”

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. சாலமனும் வாயை அகலத் திறந்து சிரித்தார். எழுபது வயதாகிறது அவருக்கு. பாவி, ஒரு பல்கூட இன்னும் விழவில்லை.