இடது கைக்கு ஒரு ஜப்பான் கத்தி

திருச்சி ஜில்லாவிலேயே ஒரு கத்தியைத் தேர்ந்தெடுக்க எட்டு மாதம் எடுத்துக்கொண்ட ஒரே மனுஷி எங்கள் லெஃப்ட் மேடம்தான். அந்த எட்டு மாதத்தில் எங்கள் ஆபீஸில் இரண்டு பேருக்குக் கல்யாணமே நிச்சயமாகி, நடந்தும் முடிந்துவிட்டது.

கன்டோன்மென்டில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ். பதினோரு வருடம் எனக்கு வலப்பக்கத்து நாற்காலி அவருடையது. இடது கையால் எழுதுவார், அதனால் அந்தப் பெயர். அவருடைய இடது முழங்கையும் என் வலது முழங்கையும் தினமும் முட்டிக்கொள்ளும். நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"தாராளமா நீங்க மாறிக்கோங்கோ. நான் மாறறதா இல்ல" என்றார்.

எங்கேயும் அப்படித்தான். பேங்க் கவுன்டரில் பேனாவை வலப்பக்கம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று மேனேஜர் எதிரில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்தவர். இப்போது அங்கே இரண்டு பக்கமும் பேனா தொங்குகிறது. ஒன்றிலும் மை இல்லை என்பது வேறு விஷயம்.

அவர் தோற்றுப்போன இடம் ஒன்றே ஒன்று, சமையலறை. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் காய் நறுக்க உட்கார்ந்தபோது, அம்மா இல்லாத அந்த வீட்டை நடத்திக்கொண்டிருந்த அக்கா, கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிவிட்டாராம். "பீச்சாங்கையால திருத்தின காயைப் பெருமாளுக்கு எப்படிடீ கண்டருளப் பண்றது?" அந்த வீடுகளில் காயை நறுக்குவதில்லை, திருத்துவார்கள். பெருமாளுக்குக் காட்டிய பிறகுதான் மனிதர்களுக்குச் சோறு. வலது கையால் திருத்தப் பழகியதில் விரலில் தையல் போட்டதுதான் மிச்சம். "என் கையால விட்டா பண்றேன், இல்லேன்னா எனக்கு இந்த அடுக்களையே வேண்டாம்" என்று எழுந்து வந்தவர், பிறகு கத்தியைத் தொடவே இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் கணவர்தான் சமையல். தங்கமான மனிதர், உப்பு மட்டும் அவர் கைக்கு அடங்காது.

ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு வேளையில், மோர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டுச் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாருங்கோ சார். ஜப்பான்ல இடது கைக்காராளுக்குன்னே கத்தி பண்றா."

"வாங்கிடுங்க மேடம். அவ்வளவுதானே?"

"வாங்கறதோட முடியல. அதால நான் திருத்தி, தளிகை பண்ணி, அக்காவைக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் போடணும். எந்தக் கையால பண்ணினதுன்னு தெரிஞ்சே அவ சாப்பிடணும்."

அன்றைக்கு ஆரம்பித்தது. பழைய பாலிசி அட்டைகளைக் கத்தரித்து விதவிதமாகக் கத்தி செய்தார். கூர் நுனி, மொட்டை நுனி, ஐந்தரை அங்குலம், ஆறரை, எட்டு. எடைக்கு ஜெம் கிளிப் மாட்டினார். ஒரு நாள் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த பெரிய மேனேஜர், மேடம் அட்டைக் கத்தியால் ஸ்டாம்ப் பேடை நறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன மேடம் இது?"

"எட்டு இன்ச் சார். வீட்டுக்கு நீளம் ஜாஸ்தின்னு தோணறது. பிடிச்சுப் பாருங்கோளேன்."

பிடித்துப் பார்த்தார். மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஆறரைதான் கைக்கு அடக்கம் என்று அவரும் தீர்ப்புச் சொன்னார். எங்கள் ஃபைல்களைப் பார்க்காமலே கிளம்பிப் போனார். அதற்காக நாங்கள் மேடத்துக்குக் காபி வாங்கிக் கொடுத்தோம்.

அட்டை போதவில்லை. ஜப்பான் கத்தி வைத்திருக்கும் ஒரு நட்சத்திர ஹோட்டல் செஃபைத் தேடிப் பிடித்தார். துணைக்கு நான். வாசலில் செக்யூரிட்டி அவர் கைப்பையைத் திறந்து பார்த்தார். இரண்டு தக்காளி, ஒரு வெள்ளரிக்காய், ஒரு சாண் வாழைத்தண்டு. எங்களை மேலும் கீழும் பார்த்தவர், காய்கறி இறக்குகிற வழி பின்பக்கம் என்று கையைக் காட்டினார்.

செஃப் பொறுமைசாலி. முதலில் உசுபா என்ற காய்கறிக் கத்தியைக் கொடுத்தார். நீள்சதுரமாக, பட்டையாக இருந்தது. மேடம் இடது கையில் பிடித்து வெள்ளரிக்காயில் இறக்கினார். கத்தி நேராக இறங்காமல் சாய்ந்துகொண்டே போனது. துண்டு மேலே தடியாகவும் கீழே ஒன்றுமில்லாமலும் விழுந்தது.

"இதுல ஒரு பக்கம்தாங்க தீட்டியிருக்கும், மறுபக்கம் தட்டை. இது வலது கைக்காரங்களுக்குப் பண்ணினது. உங்க கையில இழுத்துக்கிட்டுதான் போகும்" என்றார் செஃப். "இந்த சாண்டோகுவைப் பாருங்க. ரெண்டு பக்கமும் தீட்டினது. காய், பழம் எல்லாத்துக்கும் ஆகும், எந்தக் கைக்கும் ஆகும். வீட்டுக்கு இதுதாங்க சரி."

சாண்டோகு தக்காளியில் அழுத்தாமலே இறங்கியது. எனக்குத் திருப்தி. பசி வேறு.

"வேண்டாம்" என்றார் மேடம்.

"ஏங்க?"

"எல்லாக் கைக்கும் ஆறது வேண்டாம். இந்த உசுபாவே வேணும், என் கைக்குன்னு தீட்டினதா."

"சொல்லிச் செய்யணுங்க. மாசக்கணக்கா காத்திருக்கணும்."

"நாப்பது வருஷம் காத்திண்டிருந்தாச்சு."

வாழைத்தண்டுச் சாறு பட்டால் கறுக்காத எஃகாகச் சொல்லுங்கள், தேங்காய் பக்கம் கொண்டுபோகாதீர்கள், தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள் என்று புத்தி சொல்லி செஃப் எங்களை அனுப்பிவைத்தார்.

கத்தி வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமையில் இரும்பு வீட்டுக்குள் வரக் கூடாதென்று கணவர் கூரியர்காரரை வாசலிலேயே நிறுத்திவைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மேடம் இடது கையால் கையெழுத்தைப் போட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பதினைந்து நாள் பழகினார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா மண்டபம் ரோட்டில் அவர் ஃபிளாட்டில் விருந்து. அக்காவும் வந்தார், நானும் என் மனைவியும் போயிருந்தோம். "நான்தான் திருத்தினேன்னு சொல்லிடறேன்னேன், கேக்கமாட்டேங்கறா" என்று கணவர் என் காதில் புலம்பினார். எனக்கும் அதே கவலைதான். அக்கா எழுந்து போய்விட்டால் மேடம் அதை எப்படித் தாங்குவார்?

இலை போட்டாயிற்று. அக்கா உட்காரவில்லை. அடுக்களை வாசலில் நின்று கேட்டார்.

"எந்தக் கையால திருத்தினே?"

"இடது கை."

"கண்டருளப் பண்ணியாச்சா?"

"ஆச்சு. பெருமாள் ஒண்ணும் சொல்லல."

"அவர் சொல்லமாட்டார், நான் சொல்லுவேன். அப்படி என்னடீ கத்தி அது, ஊரெல்லாம் பேச்சா இருக்கு?"

மேடம் கத்தியை எடுத்து மேடைமேல் வைத்தார். கைக்குக் கை கத்தி கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். இவர்களுக்குள் புதிதாக வருவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா அதை வலது கையில் எடுத்து, மீதியிருந்த வெள்ளரிக்காயில் வைத்தார். ஐம்பது வருடமாகக் காய் திருத்திய கை. கத்தி சாய்ந்துகொண்டு போனது. அடுத்த துண்டும் கோணல். மூன்றாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார், அதுவும் அப்படியே விழுந்தது.

"என்னடீ இது, என் கைக்கு வரவேமாட்டேங்கறது?"

"உன் கை மேல தப்பில்லக்கா" என்றார் மேடம். குரலில் வீம்பு இல்லை. "நீ வலது கையால திருத்துன்னு சொன்னப்போ எனக்கும் இப்படித்தான் இருந்தது."

அக்கா கோணல் துண்டுகளை ஓரமாக ஒதுக்கினார். கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தார். பிறகு வந்து இலை முன்னால் உட்கார்ந்தார்.

"கறியைப் போடு. கையைப் பத்தி அப்புறமா சண்டை போட்டுக்கலாம்."

மேடம் இடது கையால் கரண்டியை எடுத்தார். வாழைத்தண்டுக் கறி, வில்லை வில்லையாக, எல்லாம் ஒரே கனத்தில். அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி இலையைக் காட்டினார்.

எனக்கு வாழைத்தண்டு அறவே பிடிக்காது. அன்று மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.