மீத்தேன் தின்னியும் மாப்பிள்ளை பார்த்த படலமும்

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் சம்பளம் கேட்பார்கள், தோட்டம் எத்தனை ஏக்கர் என்று கேட்பார்கள். "நீங்க செய்யற வேலையைக் கொஞ்சம் செஞ்சு காட்டுங்க" என்று யாரும் கேட்பதில்லை. (கேட்டால் நாட்டில் பாதிக் கல்யாணம் நடக்காது.) என்னைக் கேட்டார்கள்.

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன் நான். மீத்தேன் வாயுவைத் தின்று வாழும் பாக்டீரியாவை வளர்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா காரமடைப் பக்கம் தோட்டக்காரர். வீட்டில் சாண எரிவாயு அடுப்பு வைத்திருந்தார். தரகர் என் வேலையை விளக்கியதும் பதறிப்போனாராம்.

"ஏனுங்க, எங்க ஊட்டு அடுப்புல எரியறதைத் திங்கற பூச்சியைப் போயி வளர்த்தறாருங்களா?"

பெண் சுமதியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சம்பந்தம் கைநழுவக் கூடாது. "நேர்ல வந்து பாருங்க" என்று வீராப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

காட்டுவதற்கு அழகான சோதனை ஒன்று இருந்தது. மீத்தேனைச் செரிக்க இந்தப் பாக்டீரியா ஒரு நொதியைச் செய்கிறது. மூன்று புரதங்கள் சேர்ந்த கூட்டுக்குடும்பம் அது. மூத்தவர் இரண்டு இரும்பு அணுக்களை மடியில் கட்டிக்கொண்டு மீத்தேனைப் பிடிப்பார். இரண்டாமவர் எலெக்ட்ரான் கொண்டுவந்து கொடுப்பார். மூன்றாமவர் இருவரையும் பொருத்தி உட்காரவைப்பார். இந்த நொதி அந்துருண்டைத் தூளையும் விட்டுவைக்காது. அதன்பின் சாயம் சேர்த்தால் ஊதா நிறம் வரும். ஒரே நிபந்தனை, வளர்க்கும் நீரில் செம்பு கலக்கக் கூடாது. செம்பு கிடைத்தால் பாக்டீரியா சவ்வோடு ஒட்டிய வேறொரு நொதிக்கு மாறிவிடும். அது அந்துருண்டையைச் சீண்டாது.

இதையெல்லாம் அறிந்த மேதையான நான் குடுவைகளை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினேன். அந்த நேரம் பார்த்துத் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி பழுதானது. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த கோயமுத்தூர்க்காரன் அதற்கெல்லாம் கலங்குவானா? அம்மாவிடம் ஒரு கேன் தண்ணீர் வாங்கிவந்து பாக்டீரியாவை வளர்த்தேன்.

சுமதியும் அவள் அப்பாவும் ஆய்வகத்துக்கு வந்தார்கள். பட்டுச்சேலையில் என் அம்மாவும் வந்தார். அந்துருண்டைத் தூளைப் போட்டேன், சாயத்தை ஊற்றினேன்.

"இப்ப ஊதாவா மாறுமுங்க."

மாறவில்லை. இன்னும் கொஞ்சம் சாயம் ஊற்றினேன். கழுநீர் நிறம் வந்தது.

"தண்ணி ஏதாச்சும் கெட்டுப்போச்சுங்களா தம்பி?" என்றார் சுமதியின் அப்பா.

அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க ஊட்டுத் தண்ணியா கெட்டுப்போகும்? புளி போட்டு வெளக்குன செப்புக்கொடத்துல ராத்திரியெல்லாம் வெச்சு எடுத்த சிறுவாணித் தண்ணிங்க!"

பிறந்ததிலிருந்து அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். அது செம்பு என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

வெட்கப்பட வேண்டிய நேரத்தில் நான் குதித்தேன். "அப்ப பாக்டீரியா சரியாத்தானுங்க செஞ்சிருக்குது! நாந்தானுங்க தப்பு!" என்று கத்தி, சாக்பீஸ் எடுத்து மேசை மேலேயே இரண்டு நொதிகளையும் வரைந்து விளக்கினேன். ரொம்ப நேரம் விளக்கினேன்.

சுமதியின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "யோசிச்சுச் சொல்றோமுங்க."

எங்கள் பக்கத்தில் இதற்கு 'வேண்டாம்' என்று பொருள். மரியாதை மட்டும் கூடுதல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசல்வரை போன சுமதி திரும்பினாள். "ஏனுங்க, செம்பு இல்லாத தண்ணியில வளர்த்துனா நெறம் வந்துருமுங்களா?"

"கண்டிப்பா வருமுங்க."

"அப்ப அதையும் பாத்துப்போட்டே சொல்லலாமுங்கப்பா. தப்பு எங்கன்னு தெரிஞ்சதுக்கு இப்பிடிக் குதிக்கிறாரு. ஒளிக்கத் தெரியாத மனுசனாட்டம் தெரியுதுங்க."

கருவி சரியானதும் வடித்த நீரில் மறுபடி வளர்த்தேன். அவர்கள் மறுபடி வந்தார்கள். குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அட, கத்திரிப்பூவாட்டம் இருக்குதுங்க!" என்றார் என் மாமனார். ஆமாம், அந்த நிமிடமே மாமனார் ஆகிவிட்டார்.

கல்யாணச் சீரில் குடம், அண்டா, சொம்பு எல்லாமே எவர்சில்வர். காரணம் கேட்ட சொந்தங்களிடம் மாமனார் குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்: "மாப்பிள்ளைக்குச் செம்பு ஆகாதுங்க."

இன்றும் காரமடையில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் எனக்கென்று தனியாக எவர்சில்வர் டம்ளர் வருகிறது. "எந்த டாக்டருங்க பாக்கறீங்க?" என்று பரிதாபமாக விசாரிக்கிறார்கள். நான் நொதியிலிருந்து ஆரம்பிப்பதற்குள் சுமதி முந்திக்கொள்வாள்.

"பாவம், பொறவியிலயே அப்படித்தானுங்க."