பைலட் சாமியும் ஐந்து ஆட்டோக்களும்

இரண்டு உலகப் போர்களில் விமானம் ஓட்டிவிட்டு, மூன்றாவதாகத் திருவண்ணாமலையில் ஓர் ஆட்டோ ஸ்டாண்டைக் கட்டியாண்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் செங்கம் சாலையில் எங்கள் சந்தில் குடியிருந்தார். ஜெர்மன்காரர். பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. பைலட் சாமி என்றோம்.

எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரான 1989-இல் வந்தார். அப்போதே வயது தொண்ணூற்றொன்று. ஆசிரமத்துக்கு வந்த மற்ற வெளிநாட்டவர்கள் கண்ணை மூடி மனதை அடக்கினார்கள். இவர் சந்து முனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆட்டோக்காரர்களை அடக்கினார். தமிழையும் அவர்களிடமே கற்றதால், ராணுவ விறைப்போடு ஸ்டாண்டு பாஷை பேசுவார்.

எந்த ஆட்டோவிலும் சும்மா ஏறமாட்டார். முதலில் கிரிவலம் போல வண்டியை ஒரு சுற்று வருவார். சக்கரத்தை உதைப்பார், ஹேண்டில்பாரை ஆட்டுவார், பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். விமான காலத்துப் பழக்கம். பிறகு தீர்ப்பு வரும். முருகேசன் வண்டிக்கு வந்த தீர்ப்பு: "பிரேக் கம்மி. பேச்சு ஜாஸ்தி."

"ஸ்டேஷனுக்குத்தான சாமி போறோம், ஜெர்மனிக்கா?" என்றான் முருகேசன்.

நான் எதிலும் தேதியைச் சரிபார்க்கிறவன். இரண்டு போரிலும் ஒரே ஆள் பறந்தார் என்பதைச் சும்மா விட மனமில்லை. நூலகத்தில் கிடைத்த போர்ச் சரித்திரங்களைப் படித்துவிட்டுப் போய்க் குறுக்கு விசாரணை செய்தேன். 1917-இல் அவருக்குப் பத்தொன்பது வயது, சரியாக வந்தது. 1919 உடன்படிக்கை ஜெர்மனிக்குப் போர் விமானமே கூடாது என்றதே, அப்போது என்ன செய்தீர்கள் என்று மடக்கினேன்.

"எஞ்சின் இல்லாத பிளேன் கூடாதுன்னு சொல்லலயே. அதுல பறந்தோம்" என்றார்.

மொத்தம் எத்தனை விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார் என்று கேட்டேன்.

"ஒண்ணு. அது எங்காளுது. எறங்கி வந்து ரொம்பத் திட்டுனான்."

இரண்டாவது போரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சு சுருங்கிவிடும். நாற்பதைத் தாண்டியதால் சண்டைக்கு அனுப்பாமல் இளைஞர்களுக்குப் பயிற்சி தரச் சொன்னார்களாம். "கத்துக் குடுத்து அனுப்புவேன். சாயங்காலம் நின்னு எண்ணுவேன். தெனமும் கம்மியாத்தான் வந்துச்சு." அதோடு என் விசாரணையை முடித்துக்கொண்டேன்.

எங்கள் ஸ்டாண்டில் ஐந்து ஆட்டோக்கள். பொழுது சாய ஐந்தும் வந்து நின்ற பிறகுதான் ஸ்டூலை எடுப்பார். தன் பெண்டாட்டிகூட இவ்வளவு கேள்வி கேட்டதில்லை என்று முருகேசன் அலுத்துக்கொள்வான்.

மறு ஆண்டு கார்த்திகை தீபம் வந்தது. முதல் ஆண்டு காய்ச்சலில் படுத்துக் கிடந்து, மலையுச்சியில் முதல் சுடர் எழுவதை அவர் தவறவிட்டிருந்தார். இதயம் பலவீனமாகிவிட்டது, அடுத்த தீபம் சந்தேகம்தான் என்று டாக்டர் அவரிடமே சொல்லியிருந்தார். அந்த ஒரு கணத்துக்காகவே ஆண்டு முழுதும் காத்திருந்தார். வீட்டுக்கார அம்மா மொட்டை மாடியில், மலைக்கு நேராக, அவருக்கென்று நாற்காலி போட்டு வைத்தார்.

நேரம் நெருங்கியது. மாடியில் உட்கார்ந்திருந்த பைலட் சாமி கீழே எட்டிப் பார்த்தார். நான்கு ஆட்டோக்கள்தான் நின்றன. வேங்கிக்காலுக்குச் சவாரி போன முருகேசனைக் காணோம். உடனே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மலைக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து உட்கார்ந்தார்.

"சாமி, மலை அந்தப் பக்கம் இருக்குதுங்க" என்றார் வீட்டுக்கார அம்மா.

"மலை எங்கயும் போவாது. முருகேசன் போயிருக்கான்."

"கூட்டத்துல மாட்டியிருப்பான், வந்துடுவான். நீங்க திரும்புங்க."

"அங்கயும் அப்படித்தான் சொன்னாங்க" என்றார்.

அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை. அரோகரா முழக்கம் எழுந்தது. ஊரே மலையைப் பார்த்துக் கைகூப்பியது. அவர் திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, நெற்றி நிறைய விபூதியோடு முருகேசன் நிதானமாக வந்து சேர்ந்தான். வருகிற வழியில் வண்டியை ஓரங்கட்டித் தீபம் பார்த்தானாம். "அருமையான தரிசனம் சாமி. நீங்க பார்த்தீங்களா?" என்று கீழிருந்தே கேட்டான். மாடியில் இருந்தவர்கள் பார்த்த பார்வைக்கு அவன் சாம்பலாகியிருக்க வேண்டும்.

"அஞ்சு" என்றார் பைலட் சாமி. முகம் தெளிந்தது. அப்புறம்தான் நாற்காலியை மலைப் பக்கம் திருப்பினார்.

என் நினைவு தெரிந்த நாளிலிருந்து, சுடர் எழும் கணத்தை நான் தவறவிட்டது அந்த ஓர் ஆண்டுதான். அவர் பக்கத்தில், சாலையைப் பார்த்து நின்றிருந்தேன்.