எரிமலையடியில் ஓர் எண்ணெய்க் குளியல்

எனக்குப் பதவி உயர்வு கிடைக்காமல் போனதற்குக் காரணம் நல்லெண்ணெய். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். முழுக் கதையையும் கேட்ட பிறகு இன்னும் அதிகமாகச் சிரிக்கிறார்கள்.

ஒரகடத்தில் ஓர் எஞ்சின் தொழிற்சாலையில், எங்கே எண்ணெய் கசிகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. லைன் லீடர் பதவி காலியானபோது போட்டியில் மிஞ்சியது இருவர்: தென்காசிக்காரனான நான், சுங்குவார்சத்திரத்துத் தேவராஜ். இருவரையும் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பினார்கள். பதவி யாருக்கு என்று அங்குள்ள பெரிய மேனேஜர் முடிவு செய்வார்.

கடைசி நாள் அவர் எங்களை எரிமலையடியில் ஒரு வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப் போனார். பாறைகளுக்கு நடுவே ஆவி பறக்கும் குளம். வெளியே சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்றார்கள். குளித்தேன். (சொன்னதைச் செய்கிற பிள்ளை.)

ஆனால் ஊரிலிருந்து கிளம்பும்போதே என் மனைவி எச்சரித்திருந்தாள். "எரிமலைத் தண்ணி ஒடம்புக்குச் சூடுல்லா? எண்ணெய் வைக்காம எறங்கிராதீய, ஆமா." குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்காமல் அருவியில் நிற்பவனை எங்கள் பக்கம் மனிதனாகவே மதிப்பதில்லை. அவள் கொடுத்த பாட்டிலைத் திறந்தேன். தலை, மார்பு, முழங்கால், எதையும் விடவில்லை. சொட்டச் சொட்ட இறங்கினேன்.

மேனேஜர் கழுத்தளவுத் தண்ணீரில் கண்மூடிக் கிடந்தார். கரையில் கால் நனைத்துக்கொண்டிருந்த தேவராஜ் கத்தினான்.

"இன்னாப்பா, தண்ணி மேல கலர் கலரா மெதக்குது? எங்கனா லீக்காவுதா?"

லீக் நான்தான். அது மெதுவாகப் பரவி மேனேஜரின் தாடையைத் தொட்டது. அவர் கண் திறந்தார்.

குளத்தையே காலி செய்தார்கள். ஊற்று மெல்லத்தான் சுரக்குமாம், குளம் மறுபடி நிரம்ப மறுநாள் ஆகுமாம். இடுப்பில் துண்டோடு மேனேஜர் ஊற்றுக்காரர் முன் குனிந்து மன்னிப்புக் கேட்டார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காக அவர் குனிந்ததைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. இந்த எரிமலை இப்போதே வெடித்துத் தொலையாதா என்று வேண்டினேன். அதுவும் கைவிட்டது.

தேவராஜ் லைன் லீடர் ஆனான். தினமும் அவனுக்கு "ஓகே சார்" சொல்கிறேன். போன வருடம் மறுபடி ஜப்பான் போனவன் அந்த ஊற்றின் வாசலிலிருந்து ஒரு படம் அனுப்பினான். புதுப் பலகை. மேலே ஜப்பானிய எழுத்து. கீழே கொட்டை எழுத்தில் தமிழ்: "எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்காதீர்கள்."

அந்தப் படத்தை என் மனைவி பிரேம் போட்டு எங்கள் குளியலறைக் கதவில் மாட்டியிருக்கிறாள். தீபாவளிக்குத் தீபாவளி, வீட்டில் எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்துவிட்டு, கிண்ணத்தோடு என்னை அதன் முன் நிறுத்துகிறாள்.

"நீங்க மட்டும் வாசிச்சிட்டு உள்ள போங்க."